புது வெர்ஷன் வந்தாலே ஏன் இந்தக் கூச்சல்?

கம்ப்யூட்டர் மென்பொருளின் புது வெர்ஷனில் திரையின் தோற்றம் மாறினாலே மக்கள் திட்டுவதைப் பார்த்து, "கொஞ்ச நாளில் பழகிவிடும் விஷயத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி ஆர்ப்பாட்டத்துக்கு உங்கள் கணக்கு சரி.

2011-ல் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர்களுக்கு லயன் என்ற வெர்ஷன் வந்தபோது ஸ்க்ரோல் ஆகும் திசையையே திருப்பிப் போட்டார்கள். அன்றைக்கு நடந்த ரகளை கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் பழைய திசைக்குப் போக செட்டிங்ஸில் ஒரு டிக் இருந்தது. வேண்டாதவர்கள் மாற்றிக்கொண்டார்கள், மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். இன்று அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

விண்டோஸ் 8 கதை வேறு. 2012-ல் ஸ்டார்ட் பட்டனையே தூக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரை அணைக்க வேண்டுமானால் மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கிருந்து ஒரு பட்டை எட்டிப்பார்க்கும், அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள்தான் ஷட் டவுன். மூலையில் அப்படி ஒரு பட்டை ஒளிந்திருப்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் கிடையாது. தொடுதிரைக்காக யோசித்ததை மவுஸ்காரர் தலையில் கட்டினால் திட்டத்தான் செய்வார்கள். அடுத்த வருடமே 8.1-ல் பட்டன் திரும்பியது. அதை அழுத்தினால் விரியும் பழைய மாதிரி ஸ்டார்ட் மெனு வர 2015, விண்டோஸ் 10 ஆனது. திட்டியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

லினக்ஸ்காரர்கள் மட்டும் என்ன, சாதுவா? லினக்ஸில் திரையின் தோற்றத்தைத் தரும் மென்பொருள்களில் ஒன்று க்னோம். அதன் மூன்றாம் வெர்ஷன் பிடிக்காமல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொன்றின் பக்கம் போனார் (பிறகு திரும்பி வந்தார், அது தனிக்கதை). சிலர் பழைய க்னோம் 2-ஐ அப்படியே பிரித்தெடுத்து 'மேட்' என்று தனியாக நடத்தவே தொடங்கிவிட்டார்கள்.

என் கணக்கு இதுதான்: ஒரு பொருளை இடம் மாற்றினால் கை பழகிக்கொள்ளும். அதையே எடுத்துவிட்டால் பழகுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரில் (திரையின் அடியில் இருக்கும் பட்டை) உள்ள ஐகான்களை நடுவுக்கு மாற்றியது முதல் வகை. அந்த டாஸ்க்பாரையே திரையின் பக்கவாட்டில் வைக்கும் வசதியைப் பறித்தது இரண்டாவது வகை. அகலமான மானிட்டரில் வேலை செய்பவருக்கு உயரம்தான் பற்றாக்குறை. அவரிடம் போய் 'பழகிக்கொள்ளுங்கள்' என்றால் எரிச்சல்தான் வரும்.

உங்களுக்கு அந்த முதல் வகை எரிச்சல்தான் என்றால், டாஸ்க்பார் செட்டிங்ஸில் அலைன்மென்ட்டை 'லெஃப்ட்' என்று மாற்றுங்கள். ரைட் க்ளிக்கில் சுருக்கிய மெனு பிடிக்கவில்லையா, ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள், பழைய நீள மெனு வரும்.