அலமாரியில் கிடக்கும் சிலுவை யாருடையது? அரச, திருச்சபை விருதுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (தூத்துக்குடி): எங்கள் கொள்ளுத்தாத்தா 1894இல் பிறந்தவர். திருத்தந்தை (போப்பாண்டவர்) அவருக்கு அளித்ததாகச் சொல்லப்படும் சிலுவைப் பதக்கத்தின் பின்புறத்தில் 1888 என்று இருக்கிறது. அப்படியானால் அது வேறொருவருடையதா?

பதில்: பதற வேண்டாம், அது விருது அளிக்கப்பட்ட ஆண்டு அன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது 'ப்ரோ எக்லேசியா எத் பொந்திஃபிச்சே', அதாவது 'திருச்சபைக்காகவும் திருத்தந்தைக்காகவும்' என்னும் சிலுவை. 1837 டிசம்பர் 31 அன்று குருப்பட்டம் பெற்ற திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ), தம் குருத்துவப் பொன்விழாவை முன்னிட்டு 1888இல் இதனை ஏற்படுத்தினார். பின்புறத்தில் லத்தீனில் உள்ள 'ஜனவரி முதல் நாளுக்கு முந்தைய நாள், 1888' என்ற வாசகம் அந்தப் பொன்விழா நாளை, நம் கணக்கில் 1887 டிசம்பர் 31ஐ, குறிக்கிறது. 1898இல் இது நிரந்தர விருதாக்கப்பட்டது. அதன் பின்னரும், திருத்தந்தை ஆறாம் பவுல் வடிவத்தை மாற்றும்வரை, இதே தேதியுடன்தான் வார்க்கப்பட்டு வந்தது. ஆகவே 1930களில் பெற்றவரின் சிலுவையிலும் 1888தான் இருக்கும்.

அவர் எப்போது பெற்றார் என்பதைச் சொல்லக்கூடியது சிலுவையுடன் வந்த பத்திரமே. பதக்கத்தைப் பட்டுத் துணியில் சுற்றிப் பாதுகாக்கும் குடும்பங்கள் பத்திரத்தைக் கறையானுக்கு விட்டுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இத்தகைய விருதுகள் பொதுவாக ஆயரின் பரிந்துரையின் பேரிலேயே வழங்கப்படுகின்றன. எனவே மறைமாவட்ட ஆவணங்களில் அந்தக் கடிதத்தின் நகலைத் தேடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): என் தாத்தாவின் கல்லறையில் 'செவாலியே' என்று பொறிக்கப்பட்டுள்ளது. நடிகர் சிவாஜி கணேசன் பெற்ற விருதும் இதுவும் ஒன்றா?

பதில்: செவாலியே என்பது விருதின் பெயரன்று, ஒரு படிநிலையின் பெயர். பிரெஞ்சு மொழியில் குதிரைவீரரைக் குறிக்கும் அச்சொல், பல நாடுகளின் விருதுகளில் தொடக்கப் படியைச் சுட்டும். சிவாஜி கணேசனுக்கு 1995இல் அளிக்கப்பட்டது பிரெஞ்சு அரசின் கலை, இலக்கிய விருதின் அந்தப் படி. கத்தோலிக்கக் குடும்பத்தினர் ஒருவரின் கல்லறையில் அச்சொல் இருந்தால், புனித கிரகோரியார் அல்லது புனித சில்வெஸ்தர் பெயரிலான திருத்தந்தை விருதாக இருக்க வாய்ப்பு மிகுதி. எது என்று கல் சொல்லாது.

கேள்வி (அதே வாசகர்): பதக்கம் இருக்கிறது, ஆனால் நாடா இல்லை. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நாடா இல்லாவிட்டாலும் எளிதுதான். எட்டு முனைகள் கொண்ட சிலுவை சிவப்பு எனாமலில் இருந்து, பின்புறத்தில் 'ப்ரோ தேயோ எத் பிரின்ச்சிபே', அதாவது 'கடவுளுக்காகவும் அரசருக்காகவும்' என்று இருந்தால், அது திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் 1831இல் நிறுவிய புனித கிரகோரியார் விருது. சிலுவைக்கு மேல் பச்சை இலை வளையம் இருந்தால் பொதுமக்கள் பிரிவு. போர்க்கருவிகளின் தொகுப்பு இருந்தால் படைத்துறைப் பிரிவு. சிலுவை வெள்ளையாக இருந்து, கரங்களுக்கிடையே பொற்கதிர்கள் தெரிந்தால், அது சில்வெஸ்தர் விருது. அதன் பின்புறத்தில் ரோமன் எண்களில் 1841, 1905 ஆகிய ஆண்டுகள் இருக்கும். இவையும் விருது சீரமைக்கப்பட்ட ஆண்டுகளே. முதல் கேள்வியில் கண்ட அதே ஆண்டுக் குழப்பம் இங்கும் நேரலாம்.

கேள்வி (மணப்பாடு): ஜோவாவோ தா குரூஸ் 'கிறிஸ்து வீரர்' பட்டம் பெற்றதாகப் படித்தேன். வத்திக்கானின் உயரிய விருதான கிறிஸ்து ஆர்டரும் அதுவும் ஒன்றுதானா?

பதில்: நல்ல கேள்வி. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தேவாலய வீரர்கள் எனப்பட்ட டெம்ப்ளர்களின் சபை 1312இல் கலைக்கப்பட்டபின், போர்ச்சுகல் மன்னர் தினிஸின் வேண்டுகோளை ஏற்றுத் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் 1319இல் கிறிஸ்து வீரர் சபைக்கு ஒப்புதல் அளித்தார். இதன் அடிப்படையில் பிற்காலத் திருத்தந்தையரும் அந்தப் பட்டத்தைத் தாமே வழங்கும் உரிமையைக் கோரினர். இவ்வாறு லிஸ்பனில் ஒன்றும் ரோமில் ஒன்றுமாக இரு மரபுகள் உருவாயின. போர்ச்சுகல் அரச குடும்பம் பிரேசிலுக்குச் சென்றதன் விளைவாக, அந்நாடு விடுதலை பெற்றபின் மூன்றாவதாக ஒரு பிரேசில் மரபும் தோன்றியது.

கள்ளிக்கோட்டை மன்னர் சாமூத்திரி 1513இல் லிஸ்பனுக்கு அனுப்பியவரும், பின்னாளில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் துணையை நாட வழிகாட்டியவருமான ஜோவாவோ தா குரூஸ், மன்னர் மனுவேலிடம் பெற்றது போர்ச்சுகல் மரபைச் சேர்ந்தது. சிவப்புச் சிலுவைக்குள் வெள்ளைச் சிலுவை என்பதே அதன் அடையாளம். வாஸ்கோ ட காமாவின் பாய்களில் வரையப்பட்டிருந்த சிலுவையும் இதுவே. கடைகளில் 'பதினாறாம் நூற்றாண்டுக் கிறிஸ்து வீரர் பதக்கம்' என்று எவரேனும் நீட்டினால், சிலுவைக்கு மேல் இயேசுவின் திருஇருதயம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சேர்த்தவர் அரசி முதலாம் மரியா, ஆண்டு 1789. எனவே திருஇருதயம் உள்ள எதுவும் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

கேள்வி (கொழும்பு): திருத்தந்தை விருதுகளுள் மிக அரிதானது எது?

பதில்: மேலே சொன்ன கிறிஸ்து ஆர்டரின் ரோமானிய வடிவமும், பொன் குதிமுள் (கோல்டன் ஸ்பர்) விருதும். பின்னதை ஒரு காலத்தில் தாராளமாக வழங்கினர். 1770இல் பதினான்கு வயது மொசார்ட்டுக்கும் கிடைத்தது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் (பயஸ்) 1905இல் அதைச் சீரமைத்து, நூறு பேருக்கு மேல் உறுப்பினர் இருக்கலாகாது என வரம்பு விதித்தார். 1966இல் ஆறாம் பவுல் இரண்டையும் நாட்டுத் தலைவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். கிறிஸ்து ஆர்டரில் எஞ்சியிருந்த பெல்ஜிய மன்னர் போதுவென் 1993இலும், பொன் குதிமுள் விருது பெற்றவர்களில் கடைசியாக வாழ்ந்த லக்சம்பர்க் கோமகன் ழான் 2019இலும் மறைந்தனர். விருதுகள் ஒழிக்கப்படவில்லை, இன்று அவற்றை அணிவார்தான் இல்லை.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் வீட்டில் 'ராவ் சாகிப்' பதக்கம் இருக்கிறது. இதற்கும் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'வுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. ராவ் சாகிப் ஒரு பட்டம். அதற்கான பதக்கம் 1911 டெல்லி தர்பாரின்போது அறிமுகமானது. திவான் பகதூர் முதல் வகுப்பு, ராவ் பகதூர் இரண்டாம் வகுப்பு, ராவ் சாகிப் மூன்றாம் வகுப்பு. ஸ்டார் ஆஃப் இந்தியா 1861இல் நிறுவப்பட்ட வீரர் விருது. பல சமயத்தவரும் அணிய வேண்டியிருந்ததால் அதில் சிலுவைக்குப் பதில் நட்சத்திரம் இடம்பெற்றது. வைரம் பதித்த அதன் உயர்நிலைச் சின்னங்களை, பெற்றவர் இறந்தபின் திருப்பி ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆகவே அத்தகைய ஒன்று விற்பனைக்கு வந்தால், அது எப்படி வெளியே வந்தது என்று முதலில் கேளுங்கள். உங்கள் ராவ் சாகிப் அறிவிப்பை இந்திய அரசிதழின் புத்தாண்டு, மன்னர் பிறந்தநாள் பட்டியல்களில் தேடுங்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலிருந்து தொடங்கலாம்.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாதவர்): நன்கொடை அளித்தால் ஒரு பழைய கிறிஸ்தவ வீரர் சபையில் சேர்த்துக்கொள்வதாக எனக்குக் கடிதம் வந்துள்ளது. நம்பலாமா?

பதில்: பணத்தை அனுப்பாதீர்கள். வத்திக்கான் 2012 அக்டோபரில் தெளிவாகவே அறிவித்துள்ளது: கிறிஸ்து, பொன் குதிமுள், ஒன்பதாம் பத்திநாதர், கிரகோரியார், சில்வெஸ்தர் ஆகிய தன் ஐந்து விருதுகளையும், மால்ட்டா சபை, எருசலேம் திருக்கல்லறைச் சபை ஆகிய இரண்டையும் தவிர வேறெதையும் அது ஏற்பதில்லை.

கேள்வி (திருச்சி): கறுத்துப்போன வெள்ளிப் பதக்கத்தை விபூதி போட்டுத் துலக்கலாமா?

பதில்: குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். விபூதியும் புளியும் எனாமலின் மெருகையும் பொறிக்கப்பட்ட எழுத்துகளையும் தேய்த்துவிடும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து, நாடாவை வெயில் படாமல் வையுங்கள்.