திருவிதாங்கூர் ஸ்டாம்புகளில் ராணி ஏன் இல்லை?

அன்புள்ள சார்,

அப்பா சேர்த்த பழைய ஸ்டாம்பு ஆல்பம் போன மாதம் என் கைக்கு வந்தது. முதல் பக்கங்கள் முழுக்க விக்டோரியா மகாராணி. எல்லாவற்றிலும் ஒரே இளம் முகம். அவருக்கு வயதே ஆகவில்லையா? அடுத்து வருபவை திருவிதாங்கூர் ஸ்டாம்புகள். பெரும்பாலும் சங்குதான். நம் ஊரை ராணிகளும் ஆண்டிருக்கிறார்களே, அவர்களில் ஒருவர்கூட ஏன் இல்லை?

வாசகி, தக்கலை

அன்புள்ள வாசகிக்கு,

வயதாகத்தான் செய்தது, ஸ்டாம்பில் காட்டவில்லை. 1837-ல் விக்டோரியா லண்டன் கில்டு ஹாலுக்கு வந்ததன் நினைவாக வில்லியம் வயன் ஒரு பதக்கம் செய்தார். விக்டோரியா 15 வயது இளவரசியாக இருந்தபோது வரைந்த படத்தை வைத்துச் செய்தது அது. 1840-ல் உலகின் முதல் தபால் தலையான பென்னி பிளாக்குக்கு அந்தப் பதக்கத்து முகத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1901-ல் 81 வயதில் அவர் இறக்கும்வரை பிரிட்டன் தலைகளில் அவர் இளம்பெண்தான். நம் நாட்டில் 1854-ல் கல்கத்தாவில் கல்லச்சில் அடித்த அரையணாவிலும் அப்படியே. கனடா மட்டும் 1897-ல் இளம் ராணியையும் முதிய ராணியையும் ஒரே தலையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டது. உங்கள் ஆல்பத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள், அருமையான தலை.

முகம் போட்டதில் ஒரு கணக்கும் உண்டு. பழகிய முகத்தில் மூக்கோ உதடோ இம்மி பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும், கள்ளத் தலை அடிப்பது கடினம் என்பது அன்று சொன்ன காரணங்களில் ஒன்று.

அந்தக் காலத் தலைகளில் பெண் என்றால் அநேகமாக ராணி, இல்லாவிட்டால் தேவதை. மன்னரில்லாத பிரான்ஸ் 1849-ல் தானிய தேவதை செரெஸைப் போட்டது. அமெரிக்கா 1893-ல் ஸ்பெயின் ராணி இசபெல்லாவைப் போட்டது. அங்கே சொந்த நாட்டுப் பெண்ணாக மார்த்தா வாஷிங்டன் 8 சென்ட் தலையில் வர 1902 ஆனது. போபாலில் பேகம்களே ஆண்டார்கள். அங்கே தலையில் ஷாஜஹான் பேகத்தின் பெயர் இருக்கும், முகம் இருக்காது. கையால் எழுதிய அச்சு என்பதால் அந்தப் பெயரிலும் ஆங்கில எழுத்துகள் மாறிக் கிடக்கும்.

இனி நம் ஊர். 1888-ல் திருவிதாங்கூர் அஞ்சல் முதல் தலைகளை வெளியிட்டது. சங்கு பத்மநாபசுவாமியுடையது, ராஜ்யமே சுவாமிக்கு அர்ப்பணித்தது. ஆகவே மூலம் திருநாள் மகாராஜாவின் முகமும் தலையில் வரவில்லை. இதுவரை சரி. 1924-ல் அவர் இறந்தார். பட்டத்துக்குரியவர் சிறுவன் என்பதால் சேது லட்சுமி பாய் ரீஜண்டாக ஆட்சிக்கு வந்தார். ஏழு வருடம் ஆண்டார். வைக்கம் சத்தியாகிரகத்தின்போது 1925-ல் காந்தி வந்து பேசியது அவரிடம்தான். நாகர்கோவிலும் தக்கலையும் அவர் ஆட்சிக்குள்தான் இருந்தன. அத்தனை நாளும் தலையில் சங்கு மட்டுமே.

1931 நவம்பரில் சித்திரைத் திருநாள் முடிசூடியதும் சிறப்புத் தலைகள் வந்தன. மூன்று சக்கரம் (திருவிதாங்கூர் நாணயம்) தலையில் மகாராஜாவின் படம்! அதுவரை முகமே கூடாது என்றிருந்த இடம், இளைஞர் ஒருவர் பட்டத்துக்கு வந்ததும் திறந்துகொண்டது. ரீஜண்ட் என்பவர் பட்டத்தைக் காத்துக் கொடுப்பவர், பட்டம் அவருடையதல்ல என்று காரணம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. ஆணை பிறப்பித்தவர், வரி வாங்கியவர், பழி கேட்டவர் அவர். அவருக்கு ஒரு தலை கொடுத்திருக்க வேண்டும்.

1939-ல் ஏழு சக்கரம் தலையில் குமரிமுனை வந்தது, பதினான்கு சக்கரத்தில் பேச்சிப்பாறை அணையின் நீர்த்தேக்கம் வந்தது. ராணி மட்டும் வரவில்லை. சுதந்திர இந்தியா 1952-ல் மீராவை இரண்டணாத் தலையில் போட்டபோது நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. 1957-ல் ஜான்சி ராணி வந்தார்.

உங்கள் ஆல்பத்தில் கடித உறையோடு சங்குத் தலை ஏதாவது இருந்தால், தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிவிடாதீர்கள். முத்திரையில் 1924-க்கும் 1931-க்கும் இடைப்பட்ட தேதி தெரிந்தால் அது சேது லட்சுமி பாய் ஆட்சியில் போன கடிதம். அதைத் தனி உறையில் போட்டு, பக்கத்தில் அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.