தக்காளியின் அடியிலைகள் மஞ்சளாவது வைரஸா?

செடியைப் பிடுங்க வேண்டாம். தொட்டிச் செடியின் முதிர்ந்த அடியிலைகளில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகிறது என்றும், நுனித் தளிர்கள் நலமாக உள்ளன என்றும் நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் மக்னீசியப் பற்றாக்குறையையே காட்டுகிறது. இலைச்சுருட்டு வைரஸாக இருந்தால் முதலில் தளிர்கள்தாம் சிறுத்து, விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும்.

மக்னீசியம் போதாதபோது, செடி அதைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துத் தளிருக்கும் காய்க்கும் அனுப்பிவிடுவதால், மஞ்சள் கீழிருந்து தொடங்குகிறது. நீங்கள் வாரந்தோறும் இடும் மரச்சாம்பல்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலுள்ள பொட்டாசியம் மிகுந்துவிட்டால் வேர் மக்னீசியத்தை உறிஞ்சுவது குறைந்துவிடும். ஆகவே முதலில் சாம்பலை நிறுத்துங்கள்.

உறுதி செய்துகொள்ள, ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) கரைத்து, ஒரே ஒரு செடிக்கு மட்டும் மாலை வேளையில் இலைகள் நனையத் தெளியுங்கள். 7 நாள் கழித்து மீண்டும் ஒருமுறை தெளித்து, மற்ற செடிகளோடு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே மஞ்சளான இலைகள் முழுமையாகப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம், அதனால் கவலைப்பட வேண்டாம். மஞ்சள் மேலிலைகளுக்கு ஏறாமல் நிற்கிறதா என்பதையே கவனியுங்கள்.

ஆனால் இலையைத் திருப்பிப் பார்க்கும்போது வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளிகள் தென்பட்டால், அது முன்பருவ இலைக்கருகல் என்னும் பூஞ்சை நோய். அதற்கு இந்த உப்பு உதவாது. அவ்விலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, இலை நனையாமல் மண்ணில் மட்டும் நீர் ஊற்றுங்கள்.