ஜன்னல் வரைந்தவனிடம் கேட்டாயா?

கேள்வி: அம்மா, ஐந்து பாகங்கள் கொண்ட ஒரு கிராஃபிக் நாவல் வரிசை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேற்றுக்கிரகவாசிகள் நம் தண்ணீரைக் கொள்ளையடிக்கப் பூமி மேல் படையெடுத்து வருகிறார்கள். கதாநாயகி ஒரு விஞ்ஞானி. முதல் பாகம் 64 பக்கம், முடிந்துவிட்டது. இரண்டாம் பாகம் இருபதாம் பக்கத்தில் நின்று ஐந்து மாதமாகிறது. எங்கேயோ தொய்கிறது. அவர்கள் வருகிற காரணமும் பலமாக இல்லை என்று படுகிறது. இதுவரை மூன்று முறை கதையை மாற்றிவிட்டேன். (ஓவியம் தம்பி. முடிவை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கேள்வி கேட்டே உயிரை வாங்குவான். இப்போது பரீட்சை வேறு வந்துவிட்டதால் இன்னும் தாமதம்.) முடிவைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அதையும் மாற்றலாமா என்று யோசிப்பதால் நீங்கள் வெளியிட்டாலும் பரவாயில்லை. மாதிரிக்கு இரண்டு பக்கங்களும் அட்டையும் வைத்திருக்கிறேன். இரண்டாம் பாகத்தை எப்படித் தூக்கி நிறுத்துவது?

பதில்: உன் கடிதம் நாலு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த நாலு பக்கத்தில் மூன்றே முக்கால் பக்கம் வேற்றுக்கிரகவாசிகள். தம்பிக்குக் கிடைத்தது ஓர் அடைப்புக்குறி. நான் அந்த அடைப்புக்குறியிலேயே நின்றுவிட்டேன், தாண்டிப் போக மனசு வரவில்லை.

‘இரண்டாம் பாகம் என்றாலே எல்லாருக்கும் தொய்வதுதான், கவலைப்படாதே’ என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். எழுத மாட்டேன். கதை ஒருவர், படம் ஒருவர் என்று சேர்ந்து தொடங்கிப் பாதியில் நின்றுபோன வேலைகளைப் பற்றி எனக்குக் கடிதம் வராத மாதம் குறைவு. நண்பர்கள், கணவன் மனைவி, கூடப்பிறந்தவர்கள். எல்லாரும் கதையில் எங்கே கோளாறு என்றுதான் கேட்கிறார்கள். வரைகிறவர் ஏன் பேசுவதை நிறுத்தினார் என்று கேட்டு எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முகம் தெரியாத எனக்கு உன் முடிவை ஒரு முழுத்தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி அனுப்பியிருக்கிறாய். அந்தக் கதைக்காக 84 பக்கம் வரைந்தவனுக்கு அது தெரியாது. நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அவனை விட நான் உனக்கு எந்த விதத்தில் நெருக்கம்? கேள்வி கேட்க மாட்டேன் என்பதுதானே?

நீ அனுப்பிய முதல் மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஓரத்தில் உன் கையெழுத்தில் ஸ்கிரிப்ட் இருக்கிறது: ‘வானத்தை மறைத்துக்கொண்டு கப்பல்கள் வருகின்றன. கீழே நகரம் ஓடுகிறது.’ எழுத அரை நிமிடம் ஆகியிருக்கும். அவன் அதற்கு என்ன செய்திருக்கிறான் என்று உட்கார்ந்து பார்த்தாயா? நான் எண்ணினேன். 31 முகங்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒருவன் கிழவியை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், கிழவி திரும்பி வீட்டைப் பார்க்கிறாள். ஒரு குழந்தைக்கு ஒரு காலில் செருப்பு இல்லை, அந்தச் செருப்பு பின்னால் மூன்று ஆள் தள்ளித் தரையில் கிடக்கிறது. நீ சொல்லாத கதை அது. ‘நகரம் ஓடுகிறது’ என்று நீ விட்ட இடத்தில் அவன் மனிதர்களை ஓடவிட்டிருக்கிறான். இப்படி ஒரு பக்கத்துக்கு எத்தனை ராத்திரி ஆகும்? நீயோ ‘மூன்று முறை கதையை மாற்றிவிட்டேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறாய்.

அந்த மாற்றங்களில் ஒன்றையும் நீயே எழுதியிருக்கிறாய். ஒன்பதாம் பக்கத்தில் ‘சின்னதாக’ ஒரு பக்கம் சேர்த்தாயாம். இடமிருந்து வலமாகப் படிக்கிற புத்தகத்தில் இரட்டைப்படைப் பக்கம் இடது கைப்பக்கம் விழும். வாசகர் தாளைப் புரட்டினால்தான் அது கண்ணில் படும். அதனால்தான் திடுக்கிட வைக்கிற காட்சியை அங்கே வைப்பார்கள். உன் தம்பி கப்பலின் கதவு திறக்கிற காட்சியைப் பதினான்காம் பக்கத்தில் வைத்திருந்தான். நீ நடுவே ஒன்றைச் செருகியதும் அது பதினைந்துக்குப் போனது, வலது கைப்பக்கம். இப்போது பதினான்கைப் படிக்கும்போதே கதவு திறந்திருப்பது ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். மறுபடி எல்லாவற்றையும் அவன்தான் சரிசெய்திருப்பான். கதை எங்கே போகிறது என்று தெரிந்திருந்தால் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று அவனே முடிவு செய்திருப்பான். நீ அவனைக் கண்ணைக் கட்டி நடக்கவிட்டுவிட்டு, மெதுவாக வருகிறான் என்கிறாய்.

உன் கதையின் ஓட்டை எங்கே என்றால், அது இரண்டாவது மாதிரிப் பக்கத்தில் இருக்கிறது.

உன் முடிவு: கப்பல்களில் யாருமே இல்லை. அனுப்பியவர்கள் எப்போதோ அழிந்துவிட்டார்கள், வந்தவை வெறும் இயந்திரங்கள். சரி. ஆனால் உன் தம்பி வரைந்த கப்பலில் வரிசையாக ஜன்னல்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது. கடைசிக்கு முந்தைய ஜன்னலில், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும், யாரோ கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு பூமியைப் பார்க்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு உன் தம்பி வரைந்துகொண்டிருக்கிறான், மகளே. நீ அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்றால் முடிவைச் சொல்ல வேண்டும்.

அவனுக்குத் தெரிந்திருந்தால் என்ன கேட்டிருப்பான் என்று நான் சொல்கிறேன். ‘ஆளே இல்லாத கப்பலுக்கு எதுக்குக்கா ஜன்னல்?’ இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியிருந்தால் நீ ஐந்து மாதம் இருபதாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாய்.

தண்ணீருக்காக வருகிறார்கள் என்பது நிற்காது, அது உனக்கே தெரிந்திருக்கிறது. வியாழனின் நிலாவான யூரோப்பாவில் பனி ஓட்டுக்கு அடியில் இருக்கிற தண்ணீர், நம் கடல்கள் அத்தனையையும் சேர்த்தால் வருவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சனியின் வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டி. எதிர்க்க ஆள் இல்லாத இடத்தில் இவ்வளவு கொட்டிக் கிடக்கும்போது எவனும் சண்டை போட்டு அள்ள மாட்டான். தூரத்தையும் பார். சூரியனுக்கு அடுத்த மிக அருகிலுள்ள நட்சத்திரமே 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இப்போது அந்த ஜன்னலை இதோடு சேர்த்துப் பார். ஏறும்போது ஆட்கள் இருந்தார்கள். ஜன்னல் அவர்களுக்காக வைத்தது. வழியிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, வழியிலேயே தீர்ந்தும் போனார்கள். இயந்திரங்களுக்கு அது தெரியாது. ‘நாங்கள் இறங்குவதற்குள் குடியிருக்க இடம் பண்ணி வை, தண்ணீர் சேர்த்து வை’ என்று சொல்லிவிட்டுப் போன வார்த்தையை அவை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. வராதவர்களுக்காக விளக்கு ஏற்றி வைத்திருக்கின்றன. அதற்காக நம் கடலை வற்றவைக்கின்றன. தண்ணீர்க் காரணம் அறிவுக்குப் பொருந்தவில்லை என்று கவலைப்பட்டாயே, அது பொருந்த வேண்டியதே இல்லை. சொல்லை மீறத் தெரியாத ஒன்றின் கடமை அது. கண்ணாடியில் பதிந்த அந்தக் கை? அதை நான் தொட மாட்டேன். அது யார் என்று வரைந்தவனைக் கேள். அவன் மனதில் யாரோ இருக்கிறார்கள்.

இந்த யோசனைக்கு எனக்கு நன்றி எழுதாதே. நான் ஒரு பக்கத்தை உற்றுப் பார்த்தேன், அவ்வளவுதான். அதை வரைந்தவன் உன் வீட்டிலேயே இருக்கிறான்.

தொய்வு என்கிறாயே, அதற்கும் வேர் இதுதான். உன் கதாநாயகி முதல் பாகத்திலிருந்து எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கிறாள், தானே முடிவெடுக்கிறாள், சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். எதிர்த்துக் கேட்க ஓர் ஆள் இல்லாத கதை இருபது பக்கத்துக்கு மேல் நகராது. படையெடுப்பில் ஜெயிப்பது தோற்பது பெரும்பாலும் வீட்டுக்குள்தான் முடிவாகிறது. 1532-இல் ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோ 168 பேரோடு தென் அமெரிக்காவில் இருந்த இன்கா பேரரசின் கஹமார்க்கா நகரத்துக்கு வந்தான். அப்போதுதான் அரியணைக்காக அத்தஹுவல்பாவும் வாஸ்காரும் நடத்திய போர் ஓய்ந்திருந்தது. ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்கள். வெளியிலிருந்து வந்தவனிடம் சிறைப்பட்ட பிறகும் அத்தஹுவல்பாவுக்கு அவனை விட வாஸ்கார் மேல்தான் பயம். சிறையிலிருந்தபடியே ஆள் அனுப்பி வாஸ்காரைக் கொல்லச் செய்தான். அடுத்த ஆண்டு பிசாரோவின் ஆட்கள் அத்தஹுவல்பாவைக் கொன்றார்கள். உன் இரண்டாம் பாகத்தில் கப்பல்கள் வானத்தில் சும்மா நிற்கட்டும். கீழே மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்று எழுது. கதாநாயகிக்கு ஒரு தம்பியோ தங்கையோ கொடு. அவள் சொல்வதை ஏற்காத, ஏன் ஏன் என்று குடைகிற ஒருவர் வேண்டும். சில இடங்களில் அந்தக் கேள்வி சரியாகவும் இருக்க வேண்டும்.

அட்டைக்கு வருகிறேன். உன் பெயர் பெரிதாக. கீழே பொடி எழுத்தில் ‘ஓவிய உதவி’ என்று அவன் பெயர். உதவி! வேற்றுக்கிரகப் படையெடுப்பை வைத்து எழுதிய நாவல்களுக்கெல்லாம் முன்னோடி, ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’. 1898-இல் புத்தகமாக வந்தது. அண்ணன் பிராங்கோடு நடந்து போய்க்கொண்டிருந்தபோது, திடீரென்று வேறொரு கிரகத்து ஆட்கள் வானத்திலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டாராம். கேட்டது அவ்வளவுதான், ஒரு வரி எழுதித் தரவில்லை. வெல்ஸ் அந்தப் புத்தகத்தையே அண்ணனுக்குக் காணிக்கையாக்கி, இது அவருடைய யோசனை என்று காணிக்கைப் பக்கத்திலேயே அச்சடித்தார். ஒரு கேள்விக்கு அவ்வளவு மரியாதை. 84 பக்கத்துக்கு நீ கொடுத்திருப்பது ‘உதவி’. அட்டையை மாற்று. இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரியில்.

இனி நான் சொல்லப்போவது கதை சம்பந்தப்பட்டதில்லை, உனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. நான் மூன்று பேருக்கு அக்கா. மூத்தவள் என்பது முன்னால் பிறந்ததால் வந்த அதிகாரம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது பொறுப்பு. உடன்பிறந்தவன் உழைப்பு இலவசம் என்று நினைக்கிற வீட்டில் பாசம் இருக்கலாம், நியாயம் இருக்காது. நியாயம் இல்லாத இடத்தில் பாசமும் நாளடைவில் வற்றிவிடும், நான் பார்த்திருக்கிறேன். ‘பரீட்சை வேறு வந்துவிட்டதால் தாமதம்’ என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அவன் பரீட்சை உன் கதைக்கு இடைஞ்சலா? உன் கதைதான் இந்த ஒரு மாதம் அவன் பரீட்சைக்கு இடைஞ்சல். அம்மா அப்பா கவனிக்காவிட்டாலும் அதைக் கவனிக்க வேண்டியவள் நீ.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பாய். நீ ஒரு படையையே வானத்திலிருந்து இறக்கிவிட்டு, தம்பியை அறைக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறாய்.

பரீட்சை முடிகிற வரை ஒரு பேனல்கூடக் கேட்காதே. வரைபலகையைக் கொண்டுபோய் அவன் கண்ணில் படாத இடத்தில் வை. அந்த நாட்களில் உனக்கு வேலை இருக்கிறது: ஐந்து பாகத்துக்கும் கதைச்சுருக்கம், பாகத்துக்கு இரண்டு பக்கம், முடிவு உட்பட. அழகாக எழுத வேண்டாம், தெளிவாக இருந்தால் போதும். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் தூங்கி எழுந்த பிறகு அதை அவன் கையில் கொடு. அவன் கேட்கிற கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லாதே. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள், எல்லாவற்றையும். கோபம் வந்தால் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொள்.

ஆனால் முடிவை மட்டும் அதுவரை தள்ளிப்போட முடியாது. வெளியிட்டாலும் பரவாயில்லை என்று நீயே எழுதிவிட்டாய், நானும் மேலே அதைப் போட்டுவிட்டேன். எடிட்டரிடம் கேட்டு இந்தப் பதிலின் பிரதியை உனக்கு முன்கூட்டியே தபாலில் சேர்த்திருக்கிறேன். இதழ் கடைக்கு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. கப்பலில் யாரும் இல்லை என்பதை உன் தம்பி என்னிடமிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது சொல்லிவிடு. பத்து நிமிடம் போதும், பரீட்சை ஒன்றும் கெட்டுவிடாது. அந்தக் கை யாருடையது என்பதையும் அப்போதே கேள்.