பழைய மடக்குக்கத்தியை மெருகேற்றலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய மடக்குக்கத்திகளைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் எனக்கும் இந்த ஆசை வந்தது. சமீபத்தில் ஓர் ஏலத்தில் மூன்று அலகுள்ள கத்தி ஒன்றை வாங்கினேன். தேன்நிறமும் பழுப்பும் கலந்து ஆமையோடு போலப் பளபளக்கும் பிடி. பெரிய அலகு நன்றாகத் தேய்ந்து கறுத்துவிட்டது. சின்ன அலகு ஒன்று மட்டும் புதுசு போல இருக்கிறது. அலகின் அடியில் ஏதோ ஒரு பெயர், பாதி அழிந்துவிட்டது. அதற்குக் கீழே சோலிங்கன், ஜெர்மனி என்று வாசிக்க முடிகிறது. மடக்கினால் பிடிக்குள் போகும் பகுதியில் செந்துரு பூக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் சில வாரங்களில் திரும்ப வந்துவிடுகிறது. பெட்டியைத் திறந்தால் ஒரு காரமான நெடி வேறு.

மெருகுச் சக்கரத்தில் கொடுத்துப் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா? முத்திரை அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று. 'என்ன, ஆயுதம் சேர்க்கிறாயா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

முதலில் அவசரமான விஷயம். அந்தக் கத்தியை இன்றே மற்ற கத்திகளிடமிருந்து பிரித்து வையுங்கள். மெருகுச் சக்கரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நீங்கள் சொல்லும் பிடி ஆமையோடு அல்ல, அநேகமாக செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்த பழைய பிளாஸ்டிக். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தந்தம், ஆமையோடு, முத்துச்சிப்பி என்று விலை உயர்ந்த எல்லாவற்றுக்கும் மாற்றாக இதைத்தான் கத்திப் பிடிகளில் பொருத்தினார்கள். எந்த நிறமும் ஏற்கும், எந்த வரியும் வரும். ஆனால் வயதானால் சில பிடிகள் தானாகவே சிதையத் தொடங்கும். அப்போது வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிவிடும். உங்கள் கத்தியின் துரு பிடிக்குள் போகும் இடத்தில் மட்டும் பூப்பதற்கும், எண்ணெய்க்கு அடங்காததற்கும், அந்த நெடிக்கும் காரணம் இதுதான். ஒரே பெட்டியில் பக்கத்தில் கிடக்கும் நல்ல கத்திகளும் அந்த ஆவியில் துருப்பிடிக்கும். சேகரிப்பாளர்கள் இதைத் தொற்றுநோய் போலவே பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும் பொருள். மெருகுச் சக்கரத்தின் சூடு அதற்குப் போதும். ஆகவே பிடியோடு அந்தக் கத்தியைச் சக்கரத்தில் கொடுக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். வெப்பமில்லாத, காற்றோட்டமான இடத்தில், இறுக மூடாத பெட்டியில், அலகுகளைத் திறந்த நிலையில் வையுங்கள். மூடிய பெட்டியில் அடைபட்ட ஆவி, பிடியின் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். எல்லா செல்லுலாய்டும் இப்படிக் கெடுவதில்லை, நூறு வயதாகியும் திடமாக இருப்பவை உண்டு. ஒளி ஊடுருவும் ஆமையோட்டு வகைகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். பிடியில் மயிரிழை வெடிப்புகள் விழுந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. கத்தி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பிடியை மட்டும் மாற்றினால் அலகுகளாவது தப்பும்.

சரி, உங்கள் பிடி எலும்பாகவோ கொம்பாகவோ இருந்திருந்தால் மெருகேற்றலாமா? அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பழைய கார்பன் எஃகு அலகின் கருமை அழுக்கு அல்ல. ஆண்டுக்கணக்கில் வெட்டியதும் துடைத்ததும் சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம் அது. செந்துரு எஃகைத் தின்னும், இந்தச் சாம்பல்கருப்பு அதை ஓரளவு காக்கும். சக்கரத்தில் கொடுத்தால் இரண்டும் போய்விடும். கூடவே முத்திரையின் விளிம்பும், அலகில் அமிலத்தால் பொறித்த எழுத்தும், தொழிற்சாலையில் சாணை பிடித்த நுண்கோடுகளும் போகும். நாம் எதற்காக அந்தக் கத்தியைத் தேடி வாங்கினோமோ அதெல்லாம் தூசாகப் பறந்துவிடும். மிஞ்சுவது வயது தெரியாத ஒரு பளபளப்பு.

செந்துருவை மட்டும் எடுங்கள். கனிம எண்ணெயை விட்டு ஒருநாள் ஊறவிட்டு, மரக்குச்சியாலோ செம்புத் துண்டின் விளிம்பாலோ மெல்லச் சுரண்டினாலே பெரும்பாலும் வந்துவிடும். தாவர எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகி, அலகு மடங்கும் மூட்டினை இறுக்கிவிடும். தோல் உறைக்குள் போட்டுவைக்கவும் வேண்டாம். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து, பிடிக்கு உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏற்றும்.

கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டில் செய்த கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பெரிய அலகில் நுனிப் பகுதி ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. பிடிக்குப் பக்கத்தில் விளிம்பு உள்வாங்கிப் பிறை போலக் குழிந்திருக்கிறது. மரம் செதுக்குகிறவர்கள் பலம் கொடுப்பது அந்த இடத்தில்தான். தோல் அறுப்பவர் கையில் இருந்திருந்தால் நுனி தேய்ந்திருக்கும். சாணைக் கீறல்களும் ஒரு பக்கத்தில்தான் ஆழமாக இருக்கின்றன, அந்த ஆளின் கை அப்படிப் பழகியிருக்கிறது. அவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வேலை செய்த விதம் தெரிகிறது. சந்தையில், பயன்படுத்தாமல் பெட்டியிலேயே கிடந்த கத்திக்குத்தான் மதிப்பு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாக உழைத்து, நன்றாகப் பராமரிக்கப்பட்ட கத்தியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் கத்தியின் சின்ன அலகு புதுசு போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் இப்படிப் பாருங்கள். அதன் சொந்தக்காரர் முரட்டு வேலையெல்லாம் பெரிய அலகுக்குக் கொடுத்துவிட்டு, கூர் தேவைப்படும் நேரத்துக்கென்று இதை ஒதுக்கி வைத்திருக்கலாம்.

இனி முத்திரை. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, இறக்குமதியாகும் பொருளில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பொறித்தாக வேண்டியிருந்தது. அதனால் 'ஜெர்மனி' என்றோ 'இங்கிலாந்து' என்றோ முத்திரை உள்ள கத்தி அநேகமாக 1891-க்குப் பிந்தியது. அதே சட்டத்தின் வரி உயர்வு ஷெஃபீல்டின் அமெரிக்க வியாபாரத்தைப் பலமாக அடித்தது. அப்புறம் பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் கத்தித் தொழில் செழித்தது. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. உங்களுடையதில் வெறும் ஜெர்மனி, பிடி செல்லுலாய்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போருக்கு முந்தைய கத்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கத்திக்குப் பேர்போன சோலிங்கன் நகரின் பெயரைக் கண்டவர்களெல்லாம் பொறித்துக்கொள்ள முடியாதபடி 1938-லிருந்தே ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு.

காலத்தைக் கணிக்க மிக எளிதானது அமெரிக்காவின் கேஸ் நிறுவனக் கத்திதான். 1970-ல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள், ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆறு புள்ளி இருந்தால் 1974. மாதிரி எண்ணையும் வாசிக்கலாம். 6254 என்றால் 6 செதுக்கிய எலும்புப் பிடி, 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 டிராப்பர் என்ற வடிவம்.

போலியைக் கண்டுபிடிக்க முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது, மொத்தக் கத்தியும் ஒரே வயதாக இருக்கிறதா என்று பாருங்கள். அலகு பாதி தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்தது போலக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓர் ஆணி மட்டும் புதிதாகத் தெரிந்தால், பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று கத்திகளின் பாகங்களை ஒன்றாக்கி விற்பது பழைய தொழில். கத்தியை மடக்கி வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். நகம் பதிக்கும் பள்ளம் பிடிக்குள் புதைந்தோ, அளவுக்கு மேல் எழும்பியோ நின்றால், அலகு மாற்றப்பட்டிருக்கலாம் அல்லது அடியில் அரம் போட்டிருக்கலாம்.

காதையும் பயன்படுத்துங்கள். இந்தப் பழைய கத்திகளில் பூட்டு கிடையாது. முதுகில் ஓடும் எஃகு வில் ஒன்று அலகின் அடிக்கட்டையை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அடிக்கட்டை சதுரமாக இருந்தால் அலகு பாதி வழியில் ஒருமுறை நின்று, பிறகு முழுதாகத் திறக்கும். நல்ல கத்தி திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று தெளிவாகச் சத்தம் கொடுக்கும். அப்போது முதுகில் விரலை ஓட்டினால் வில்லும் தகடும் ஒரே சமமாக இருக்கும், எங்கேயும் நெருடாது. அந்தச் சமத்தை அரத்தாலும் கண்ணாலும் கொண்டுவந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது.

அந்தக் கைகள் லேசில் பிழைத்தவையும் அல்ல. ஷெஃபீல்டின் சாணைக்காரர்கள் கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளம் வயதில் இறந்தார்கள். பிரான்சின் தியேர் ஊரில், துரோல் ஆற்று நீரால் சுழலும் சக்கரத்தின் மேல் பலகையில் குப்புறப் படுத்துச் சாணை பிடித்தார்கள். குளிருக்குக் கதகதப்பாக நாயைக் காலின்மேல் படுக்கவைத்துக்கொள்வார்களாம். ஷெஃபீல்டில் ஒரு கத்தியைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியொருவராகச் செய்யும் மரபில் வந்த ஸ்டான் ஷா 2021-ல்தான் காலமானார்.

உங்கள் நண்பருக்கு: பூட்டில்லாத இந்தக் கத்தியால் யாரையாவது குத்தப்போனால் அது மடங்கிக் குத்துகிறவர் விரலையே வெட்டும். பிரிட்டனில் அலகு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வெளியில் எடுத்துச் செல்லலாம். இது ஒரு கருவி என்பதைக் கத்தி விஷயத்தில் கடுமை காட்டும் அந்தச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், வெளியே கொண்டுபோகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தப் பிடி, கடமான் கொம்புப் பிடி போன்றவற்றை வாங்கும்போதும் காட்டுயிர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

அடுத்ததாக இன்னொரு பழைய கத்தி வாங்க அவசரப்பட வேண்டாம். புதிதாக ஓர் ஓபினெல் வாங்குங்கள். 1890-ல் தொடங்கி வடிவம் அதிகம் மாறாமல் வரும் பிரெஞ்சுக் கத்தி. பீச் மரப் பிடி. மிகச் சிறிய அளவுகள் தவிர மற்றவை 1955-லிருந்து பூட்டு வளையத்தோடு வருகின்றன, அது மட்டும் நினைவிருக்கட்டும். கார்பன் எஃகு அலகாகக் கேட்டு வாங்கி, தினமும் பழம் நறுக்கி, துடைத்து வையுங்கள். நீலமும் சாம்பலுமாகப் படலம் எப்படி ஏறுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு, பழைய கத்தியில் எது அசல் கருமை, எது ரசாயனத்தில் முக்கி ஏற்றிய கருமை என்று பிரித்தறிவது சுலபமாகிவிடும்.

உங்கள் கத்தியின் முத்திரையை, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, நிழல் விழும்படி படமெடுத்து அனுப்புங்கள். பாதி அழிந்த பெயரும் அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்