வழியில் யாரோ 'மாஸ்க்!' என்று கத்தினால்

(2021 மே மாதம், கொரோனா காலத்தில் எழுதிய பதில் இது. இதில் வரும் முகக்கவச, தடுப்பூசி விதிகள் அப்போதையவை.)

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிப்ரவரியில் பாஸ்டன் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். போன வாரம் மினிட்மன் என்கிற நடை-சைக்கிள் பாதையில் முகக்கவசம் இல்லாமல் நடந்துகொண்டிருந்தபோது, எதிரே ஓடி வந்த ஒரு பெண்மணி 'மாஸ்க்!' என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். மூன்று நாள் கழித்து அதே பாதையில் போட்டுக்கொண்டு போனால், சைக்கிளில் வந்த ஒருவர் 'வெளியிலதானே இருக்கே, கழட்டு' என்று சிரித்திருக்கிறார். யார் சொன்னது சரி, இது நம் நிறத்தைப் பார்த்து வந்த பேச்சா, பதிலுக்கு என்ன சொல்வது, பேசாமல் கொஞ்ச நாள் நடப்பதையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். இந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விதி மூன்று முறை மாறியிருக்கிறது. 2020 மே 6 முதல், ஆறடி இடைவெளி விட முடியாத பொது இடங்களில் முகக்கவசம் கட்டாயம். நவம்பர் 6 முதல், பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும் வீட்டை விட்டு வெளியே வந்தால் கட்டாயம். மீறினால் 300 டாலர் வரை அபராதம். 2021 ஏப்ரல் 30 முதல், திறந்தவெளியில் மட்டும் பழையபடி, இடைவெளி விட முடியாதபோது போட்டால் போதும். அதற்கு மூன்று நாள் முன்னால், ஏப்ரல் 27 அன்று, தடுப்பூசி போட்டு முடித்தவர்களுக்குக் கூட்டமில்லாத வெளியிடங்களில் முகக்கவசம் தேவையில்லை என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் சொல்லிவிட்டது.

ஆக, அந்தப் பெண்மணி கத்திய நாளில் நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. மூன்று நாள் கழித்துப் போட்டுக்கொண்டு நடந்ததும் தப்பில்லை. அகலமான பாதையில் ஒருவரை ஒருவர் கடந்து போகும் அந்தச் சில நொடிகளுக்காக யாரும் உங்களுக்கு அபராதம் எழுத வரமாட்டார்கள். நவம்பர் ஆணையிலேயே அது சிவில் அபராதம்தான். விதியை அமல்படுத்துவதும் ஊர்ச் சுகாதார வாரியத்தின் வேலை, போலீஸின் வேலை. வழிப்போக்கருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஆனால் சட்டம் தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் நான் ஒருமுறை அசிங்கப்பட்டேன். அதைச் சொல்கிறேன்.

2020 நவம்பர் 7, சனிக்கிழமை. அந்த மாதத்துக்குப் பொருந்தாத வெயில். ஆர்லிங்டனில் ஸ்பை பாண்ட் ஏரி தெரியும் இடத்தில் பாதை முழுக்க ஜனம். நான் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன். எதிரே எழுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, கைத்தடியைத் தரையிலிருந்து எடுத்து, எனக்கும் அவருக்கும் நடுவே குறுக்காக நீட்டிப் பிடித்தார். அந்தப் பாதை ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். கேட் இறக்கியது போலவே இருந்தது. 'மூக்கை மூடிக்கொண்டு அப்புறம் வா' என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், வரி கட்டுகிறேன், என்னை வழியில் நிறுத்த இவர் யார்? 'ஆறடி இருந்தால் தேவையில்லை, விதியைப் படித்துவிட்டு வாருங்கள்' என்று சத்தமாகவே சொன்னேன். அவரும் விடவில்லை. இரண்டு பேரும் நின்று நாலைந்து நிமிஷம் பேசினோம். போவோர் வருவோர் எல்லாம் புல்லில் இறங்கி எங்களைச் சுற்றிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், முந்தின நாள்தான் புது ஆணை அமலுக்கு வந்திருந்தது. சரியான ஆள் அவர்தான். ஆனால் அன்றிரவு என்னைத் தூங்க விடாதது அதுவல்ல. பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தத் தடியின் நுனி நடுங்கிக்கொண்டே இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், அவர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த நாளுக்குப் பிறகு, பாதையில் யார் முகம் சுளித்தாலும் எனக்கு முதலில் அந்த நடுங்கும் நுனிதான் ஞாபகம் வருகிறது.

இந்த மாநிலத்தில் மட்டும் 2021 மே வரை 17,000 பேருக்கு மேல் கொரோனாவில் இறந்துவிட்டார்கள். ஹோலியோக்கில் முன்னாள் படைவீரர்கள் தங்கும் இல்லம் ஒன்றில், 2020 வசந்த காலத்தில் 70-க்கும் மேற்பட்ட முதியவர்கள் இறந்தார்கள். அப்போது நீங்கள் இங்கே இல்லை. கடைசி நேரத்தில் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று விடைகொடுத்த பிள்ளைகள் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். உங்களைப் பார்த்துக் கத்திய பெண்மணி அவர்களில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் ஒருவரை வீட்டில் வைத்திருப்பவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். சைக்கிள்காரரையும் நான் கெட்டவராகப் பார்க்கவில்லை. ஒரு வருஷம் அடைந்து கிடந்து, இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு, 'ஒருவழியாக முடிந்தது' என்று வெளியே வந்திருப்பார். உங்கள் முகக்கவசம் அவருக்கு 'இன்னும் முடியவில்லை' என்று சொல்கிறது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் எரிச்சலும் இருந்திருக்கும்.

விதி என்னவோ மாறிக்கொண்டே போகிறது. ஆனால் ஒவ்வொருவரும் காலண்டரில் வேறு வேறு தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒருவர் இன்னும் 2020 ஏப்ரலில் இருக்கிறார். இன்னொருவர் ஏற்கெனவே அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டார். இப்போது உங்கள் மனசு எந்தத் தாளில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தியாவில் கொரோனா இரண்டாம் அலை, படுக்கையும் ஆக்சிஜனும் தேடி ஓடுகிறார்கள், அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள். ராத்திரி போனில் கேட்டதையெல்லாம் சுமந்துகொண்டு காலையில் நடக்கப் போகிறீர்கள். அந்த நடையில் ஒருவர் கத்தினாலும் வலிக்கும், சிரித்தாலும் வலிக்கும்.

நூறு வருஷத்துக்கு முன்னாலும் இதே சண்டைதான். 1918-இல் இன்ஃப்ளூயன்சா பரவியபோது சான் பிரான்சிஸ்கோ நகரம் தெருவிலும் முகக்கவசம் போடச் சொன்னது. ஆணை வந்த சில நாட்களில், அக்டோபர் 28 அன்று, போட மறுத்த ஒருவரோடு சுகாதார அதிகாரி ஒருவர் நடுத்தெருவில் தகராறு செய்து, துப்பாக்கியால் சுட்டேவிட்டார். வேடிக்கை பார்த்த இரண்டு பேருக்கும் குண்டு பட்டது. நவம்பர் 21 மதியம் ஆணை விலக்கப்பட்டதும் ஜனங்கள் தெருவிலேயே முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தார்கள். 1919 ஜனவரியில் மறுபடி ஆணை வந்தபோது அதை எதிர்க்கவே ஒரு சங்கம் கட்டினார்கள். உங்களுக்கு நடந்தது உங்களுக்காகவே புதிதாக முளைத்த ஒன்று இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, உண்மையில் ஆபத்து எவ்வளவு? சிகரெட் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். மூடிய அறையில் ஒருவர் பிடித்தால் மூலையில் இருப்பவருக்கும் வந்து சேரும். திறந்தவெளியில் பத்தடி தள்ளிப் போனால் தெரிவதே இல்லை. இந்தக் கிருமியும் மூச்சோடு காற்றில் மிதக்கிற நுண்துளிகளில் போகிறது. அதை உலக சுகாதார நிறுவனமே இப்போது ஒப்புக்கொள்கிறது. வெளியில் காற்று அதைக் கலைத்துவிடுகிறது. எதிரெதிரே ஒரு நொடியில் கடந்து போவதால் தொற்று வருவது மிக மிக அரிது. வெளியிலேயே ஆபத்து எங்கே என்றால், நெருக்கமான கூட்டத்தில், அப்புறம் முகத்துக்கு முகம் பக்கத்தில் நின்று நீண்ட நேரம் பேசுவதில். சத்தமாகப் பேசப் பேச வாயிலிருந்து வரும் துளிகளும் கூடும். நானும் அந்தப் பெரியவரும் அன்று நின்று கத்தினோமே, அந்தப் பாதையில் அன்று நடந்ததிலேயே ஆபத்தான காரியம் அதுதான். சும்மா கடந்து போயிருந்தால் ஒன்றுமே இல்லை.

அதனால் பதிலுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்களே, ஒன்றும் சொல்ல வேண்டாம். காலால் பதில் சொல்லுங்கள். யாராவது கத்தினால் அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டால், கையை லேசாக உயர்த்திக் காட்டிவிட்டு பாதையின் மறு ஓரத்துக்குப் போய்விடுங்கள். முடிந்தால் 'ஸாரி' ஒன்று. அது தப்பை ஒப்புக்கொள்வதாகாது. இங்கே வழியில் தோள் இடித்தால்கூட இரண்டு பேருமே சொல்லும் வார்த்தை அது. இந்த இடத்தில் வாதம் ஜெயிக்காது. நின்று விதியை எடுத்துச் சொன்னால் அவர் மனசு மாறும் என்று நானும் நம்பினேன். ஒருவரும் மாறி நான் பார்க்கவில்லை. கழற்றச் சொல்கிறவருக்கும் இதேதான்: தலையை ஆட்டிவிட்டு நடையைத் தொடருங்கள். ஏன் போட்டிருக்கிறீர்கள் என்று அவருக்கு விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதேபோல, போடாமல் வருகிறவரை நீங்களும் நிறுத்திக் கேட்க வேண்டாம். உடல்நிலை காரணமாகப் போட முடியாதவர்களுக்கு நவம்பர் ஆணையிலேயே விலக்கு இருந்தது; அவர் அப்படிப்பட்டவரா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். முகக்கவசத்தைப் பையில் போடாமல், காதில் ஒரு பக்கம் மாட்டியபடியோ கழுத்தில் தொங்கவிட்டோ நடக்கிறேன். முப்பது அடி தூரத்தில் யாராவது வந்தால், குறிப்பாக வயதானவர்களோ கைக்குழந்தையோடு வருகிறவர்களோ என்றால், மேலே இழுத்துக்கொள்கிறேன். அவர்கள் கடந்ததும் இறக்கிவிடுகிறேன். ஒரு விநாடி வேலை. விஞ்ஞானப்படி அவசியமா என்றால் இல்லை. ஆனால் எதிரே வருகிறவரின் தோள் அந்தத் தூரத்திலேயே தளர்வதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

பாதையை விட்டு பஸ், ரயில் பக்கம் வந்துவிட்டால் இந்தத் தாராளம் எதுவும் கிடையாது. அங்கே இப்போது, 2021-இல், நடப்பது அமெரிக்க மத்திய அரசின் ஆணை. ஏல்வைஃப் ரயில் நிலையத்துக்குள் மட்டும் என்று நினைக்காதீர்கள். கூரையில்லாத பிளாட்பாரத்திலும் கட்டாயம். அங்கே யாராவது சொன்னால் மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொள்ளுங்கள். கடைகளுக்குள்ளும் அப்படியே.

நிறத்தைப் பற்றிக் கேட்டதைக் கடைசிக்கு வைத்தேன், அதை அவசரமாகச் சொல்லக் கூடாது என்பதால். வந்த புதிதில் யார் குரலை உயர்த்தினாலும் நமக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். எனக்கும் வந்தது, வெகு காலம் வந்தது. அந்தச் சந்தேகத்துக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த ஒரு வருஷத்தில் ஆசிய முகம் என்பதற்காகவே எத்தனையோ பேர் தெருவில் வசைபாடப்பட்டிருக்கிறார்கள், அடிபட்டிருக்கிறார்கள். அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோலைச் சொல்கிறேன். பேச்சு முகக்கவசத்தைப் பற்றி மட்டும் என்றால், அதை முகக்கவசச் சண்டையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்மணி உங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரரையும் அப்படியே கத்தியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் பேச்சு உங்கள் நாட்டுக்கோ நிறத்துக்கோ தாவினால், 'திரும்பிப் போ' என்ற வார்த்தை வந்தால், யாராவது பின்தொடர்ந்தால், அங்கே பொறுமை காட்ட வேண்டாம். ஆள் இருக்கும் பக்கம் நகருங்கள், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஊர்ப் போலீஸிடம் சொல்லுங்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் சிவில் உரிமைப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் புகார் கொடுக்கலாம். விசாவில் இருக்கிறோமே, நமக்கு எதற்கு வம்பு என்று விழுங்கிவிடாதீர்கள். புகார் கொடுக்கும் உரிமை விசாவில் இருப்பவருக்கும் உண்டு.

நடப்பதை விட்டுவிடலாமா என்றால், வேண்டவே வேண்டாம். இப்போது உங்களுக்கு அது கட்டாயம் வேண்டும். நாள் முழுக்க ஒரே அறையில் லேப்டாப், ராத்திரி முழுக்க போன் என்று இருந்தால் உடம்பும் தாங்காது, மனசும் தாங்காது. காலை ஏழு மணிக்கு முன்னால் அந்தப் பாதையில் கூட்டம் இருக்காது. லெக்சிங்டன் தாண்டி பெட்ஃபோர்ட் பக்கம் போகப் போக இன்னும் குறையும். 2021 ஏப்ரல் 19-லிருந்து பதினாறு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தடுப்பூசி திறந்துவிட்டார்கள். இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே பதிவு செய்யுங்கள், அலுவலகத்தில் அதற்கு நேரம் கேட்கத் தயங்காதீர்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் ஆர்லிங்டன் பக்கமிருந்து கிளம்புவேன். ஏரி தெரியும் இடத்தில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. வாருங்கள், பாதையின் இரண்டு ஓரமாக நடந்துகொண்டே பேசலாம். அப்பா அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று அப்போது சொல்லுங்கள்.