‘கிராஸ்’ குட்டி – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். எட்டாவது படிக்கும் மகள் இரண்டு வருடமாக ஹஸ்கி நாய் கேட்டுக்கொண்டிருந்தாள். போன மாதம், ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகும் என் மைத்துனர் ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். தாய் மலைக்கிராமத்து நாட்டு நாய், தகப்பன் பங்களா லேப்ரடார். பார்க்கிறவர்கள் எல்லாம் “இது என்ன ஜாதி?” என்கிறார்கள். கிராஸ் என்றதும் “அவ்வளவுதானா” என்று முகம் மாறுகிறது. மகள் வாடிப்போகிறாள். கலப்பு என்றால் மட்டமா அண்ணா? இந்த ஜாதியெல்லாம் யார் வகுத்தது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நாய்க்கும் ஜாதி சொல்வது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சொல் உறுத்தும். இனம் என்றே எழுதுகிறேன்.

உங்கள் குட்டியின் தகப்பனிலிருந்தே தொடங்கலாம். லேப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் தீவில் மீனவர்களோடு இருந்தவை. தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்விவரும், குளிர்ந்த கடலில் வலைக்கயிற்றை இழுத்துவரும். அவையே பல வகை நாய்கள் கலந்து உருவானவைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுபோய், சுட்டுவீழ்த்திய வாத்தை எடுத்துவரப் பழக்கினார்கள். 1903-ல், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அங்குள்ள கென்னல் கிளப் என்ற அமைப்பு அதைத் தனி இனமாக ஏற்றது. அப்புறம் அதே நாய் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டியது, வெடிகுண்டை மோப்பம் பிடித்தது. இன்று பெரும்பாலும் குழந்தைகளோடு சோபாவில் படுத்திருக்கிறது. மனிதனின் தேவை மாற மாற, ஒரே நாய்க்கு இத்தனை வேலை.

யார் வகுத்தது என்று கேட்டீர்கள். வேலைக்கேற்ற நாயைத் தேர்ந்து வளர்ப்பது மிகப் பழைய வழக்கம். பாட்டன் பூட்டன் வரை ஏட்டில் எழுதி, அந்த வட்டத்துக்குள்ளேயே குட்டி எடுப்பது புதிது. 1859-ல் நியூகாசிலில் நடந்த நாய்க் கண்காட்சி, 1873-ல் லண்டனில் தொடங்கிய கென்னல் கிளப், இவற்றுக்குப் பிறகுதான் அது வேரூன்றியது. கண்காட்சி மேடையில் நாயின் வேலையைப் பார்க்க முடியாது. நிறம், காது, வால் இவற்றைத்தான் பார்க்க முடியும்.

வேலை போனால் என்ன ஆகும்? இங்கிலாந்துச் சமையலறைகளில் குட்டைக்கால் நாய் ஒன்று இருந்தது. சக்கரத்துக்குள் ஓடி ஓடி, அடுப்பில் இறைச்சிக் கம்பியைச் சுற்றுவது அதன் வேலை. இயந்திரம் வந்தது, அந்த இனமே இல்லாமல் போனது. நம் ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டை போயிற்று. காவல் மிஞ்சியது, தூய வெள்ளை என்ற பெருமையும் மிஞ்சியது. 2005-ல் அஞ்சல்தலையிலும் வந்தது. ஆனால் வெள்ளையையே தேடித் தேடி இனப்பெருக்கம் செய்ததால், காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் அதில் உண்டு. அழைத்தால் திரும்பாத குட்டியைப் பார்த்திருக்கிறேன். மனது தாங்கவில்லை.

என் தாத்தா மேச்சேரிப் பக்கம் செம்மறி வைத்திருந்தார். பட்டியில் எப்போதும் இரண்டு நாய் இருக்கும். ஆட்டுக்குட்டியைத் துரத்துகிற நாய்க்குட்டியை யாருக்காவது கொடுத்துவிடுவார். இருட்டில் எழுந்து பட்டியைச் சுற்றிவருவதை வைத்துக்கொள்வார். நிறத்தை அவர் பார்த்ததே இல்லை. உங்கள் குட்டியின் தாயும் இப்படி வந்ததுதான். மலைக்காட்டில் பன்றி வந்தால் குரல் கொடுக்கும், கிடைத்ததைத் தின்று நோயில்லாமல் நிற்கும். அந்தத் தேர்வை எந்தச் சான்றிதழும் காட்டாது.

கலப்பு என்றாலே உயர்வு என்றும் சொல்லமாட்டேன். 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில், ஹவாயில் இருந்த ஒரு பார்வையற்ற பெண்மணிக்காக, நாய் முடி ஒத்துக்கொள்ளாத அவர் கணவரையும் மனதில் வைத்து, லேப்ரடாரையும், முடி அதிகம் உதிராத பூடுல் இன நாயையும் சேர்த்தார்கள். தேவை உண்மையானது. அப்புறம் அதுவே மோஸ்தராகி, காசுக்காகக் கண்டபடி குட்டி எடுத்தார்கள். முதலில் சேர்த்தவரே பின்னாளில் வருந்தினார்.

ஹஸ்கி விஷயத்தில் மகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. இரட்டை அடுக்கு முடி. சேலத்துச் சித்திரை வெயிலில் அதை வைத்திருக்க நினைப்பதே எனக்குக் கொடுமையாகத் தெரிகிறது. இதை எட்டாவது படிக்கிற பெண் நிச்சயம் புரிந்துகொள்வாள்.

சரி, குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி போட்டுவிடுங்கள். லேப்ரடார்களில் பலவற்றுக்கு மரபணுவிலேயே தீராப்பசி உண்டு. தகப்பன் வழியில் அது வந்திருக்கலாம், கெஞ்சுகிற கண்ணைப் பார்த்துச் சோறு போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு அகலமான தொட்டியில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். இறங்கி விளையாடுகிறதா, ஓரமாக நின்று குரைக்கிறதா என்று மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். குட்டியின் பெயரை நீங்கள் எழுதவே இல்லை, அதையும்.

அன்புடன்,
அண்ணன்